மிஷன்: அதற்கு ஏற்ற தமிழ் அருட்பணி

பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் வயதானவர்களிடம் மிஷன் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு. தலைமுறைகளாகக் காதில் விழுந்த சொல், மதில் சுவரும் கேட்டும் உள்ள ஒரு இடத்தின் பெயராக நின்றுவிட்டது. இப்போது அரசுத் திட்டங்களுக்கும் மிஷன், விண்கலம் அனுப்பினாலும் மிஷன், கம்பெனிகளின் வரவேற்பறைச் சுவரிலும் மிஷன். கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லால் உண்மையில் எதைக் குறித்தார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மூலம் இலத்தீன். 'மித்தெரே' என்றால் அனுப்புதல். அதிலிருந்து வந்த 'மிசியோ' என்றால் அனுப்பும் செயல். நீண்ட காலம் இறையியலில் இந்தச் சொல் மனிதர்களைக் குறிக்கவே இல்லை. பிதா குமாரனை உலகுக்கு அனுப்பினார், ஆவியானவர் அனுப்பப்பட்டார் என்று கடவுளின் செயலைச் சொல்லத்தான் அது பயன்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையினர் இதைத் தங்கள் ஆட்களைத் தூர தேசங்களுக்கு அனுப்புவதற்கும் வழங்கத் தொடங்கினார்கள். அப்புறம் அனுப்பப்பட்டவர் மிஷனெரி ஆனார், அவர் போய்ச் சேர்ந்த இடமும் மிஷன் ஆனது. 'பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்' என்ற யோவான் நற்செய்தி வசனம்தான் இந்தச் சொல்லின் வேர் என்று சொல்லலாம். அதில் கட்டடம் எதுவும் இல்லை.

காவிரி கடலில் சேரும் பகுதிக்கு அப்படி அனுப்பப்பட்டவர்கள் சீகன்பால்கு, புளுச்சோ என்ற இரண்டு ஜெர்மானியக் குருமார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அங்கேயே அச்சேறியது. 1733-இல் ஆரோன் என்ற தமிழர் அதே ஊரில் குருப்பட்டம் பெற்றார். ஊர் மக்கள் இவர்களை மிஷனெரி என்று கூப்பிடவில்லை. போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த பாதிரியார் ஒரு பெயர். சீகன்பால்கு ஐயர், பின்னால் வந்த சுவார்ட்ஸ் ஐயர் என்று ஐயர் சேர்த்துச் சொல்வது இன்னொன்று. கிறிஸ்தவர்கள் வேதக்காரர்கள், அவர்கள் கும்பிடும் இடம் வேதக்கோயில். உள்ளூர் மக்கள் தங்கள் நாக்குக்கு வந்த சொல்லில் இவர்களை ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, தமிழில் என்னென்ன சொற்கள் முயன்று பார்க்கப்பட்டன? கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் மறைபரப்பு, மறைபரப்புப் பணி என்றார்கள். இது குறையுள்ள சொல் என்பது என் எண்ணம். மறையைப் பரப்புவது மிஷனின் ஒரு பகுதி, முழுதும் அல்ல. அனுப்புதல், பரப்புதல் ஆகிவிட்டது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதும் நோயாளியின் கட்டிலருகே முழந்தாளிடுவதும் இந்தச் சொல்லுக்குள் வராமலே போய்விடுகின்றன.

சேவை என்று சொல்லலாமா? திருவரங்கத்தில் சேவை என்றால் பெருமாளைத் தரிசிப்பது. திருப்பணி அழகான சொல்தான், ஆனால் கும்பகோணத்தில் போய்த் திருப்பணி என்று சொன்னால், எந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று கேட்பார்கள். இந்த மண்ணில் அந்தச் சொற்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. அவற்றை அங்கேயே விட்டுவிடுவதுதான் மரியாதை.

ஊழியம் அப்படி எளிதாகக் கடந்துபோகக்கூடிய சொல் அல்ல. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் இதுதான் உயிருள்ள சொல். ஊழியத்துக்குப் போகிறேன், ஜெப ஊழியம், சிறை ஊழியம், ஆஸ்பத்திரி ஊழியம் என்று வீட்டில் பேசுவது இப்படித்தான். பழந்தமிழ் வழக்கில் ஊழியம் என்பது பெரியவருக்கோ, கோயிலுக்கோ, அரசுக்கோ கட்டுப்பட்டுச் செய்யும் வேலை. திருவிதாங்கூரில் கூலியில்லாத கட்டாய வேலைக்கே ஊழியம் என்று பெயர் இருந்தது. நம் பகுதியில் அந்தக் கொடுமைக்கு வேறு பெயர்கள்: சோழர் கல்வெட்டுகளில் வருகிற வெட்டி, அமஞ்சி. வெட்டி வேலை என்று இன்றும் சொல்கிறோமே, அதன் பழைய பொருள் அதுதான். பண்ணையாள் முறை போன தலைமுறை வரை இருந்த தஞ்சைச் சீமைக்கு, கூலி கேட்க வாயில்லாதவன் செய்யும் வேலை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு சொல்லை எடுத்துத்தான் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இயேசுவின் வாயில் வைத்தார்கள்: 'மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' வந்தார். கீழே நிற்பவனின் வேலையை ஆண்டவர் தம் வேலை என்கிறார். அதே இடத்தில் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'தொண்டு ஏற்பதற்கு அல்ல, மாறாகத் தொண்டு ஆற்றுவதற்கும்' என்கிறது. தொண்டு இனிய சொல், ஆனால் ஊழியத்தில் இருக்கிற அந்த உறுத்தல் அதில் இல்லை. இன்று ஊழியர் என்றால் சம்பளம் வாங்குபவர், அரசு ஊழியர், வங்கி ஊழியர். உறுத்தல் அங்கேயும் மழுங்கிவிட்டது. தவிர, ஊழியம் செய்யும் வேலையைச் சொல்கிறதே ஒழிய, அந்த வேலை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்வதில்லை.

அது பிறக்கும் இடத்தை மத்தேயு ஒன்பதாம் அதிகாரம் காட்டுகிறது. இயேசு திரளான ஜனங்களைக் காண்கிறார், தொய்ந்துபோய்ச் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்கள்மேல் மனதுருகுகிறார். கிரேக்க மூலத்தில் வருவது குடல் என்ற சொல்லிலிருந்து பிறந்த வினை. வயிற்றைப் பிசைகிறது என்று நாம் சொல்வோமே, அது. உடனே அவர் சீடர்களை ஓடச் சொல்லவில்லை. 'அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்' என்றுவிட்டு, ஆட்களை அனுப்பும்படி அறுப்புக்கு எஜமானை வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். அதற்கு அடுத்த அதிகாரத்தில், வேண்டிக்கொள்ளச் சொல்லப்பட்ட அதே சீடர்களே அனுப்பப்படுகிறார்கள். இரக்கம், ஜெபம், பிறகு புறப்பாடு. இந்த வரிசை முக்கியம். முதலாவது இல்லாமல் மூன்றாவது நடந்தால் அது வெறும் நிர்வாகம். நடுவில் இருக்கிற ஜெபம் இல்லாவிட்டால், அனுப்பியவர் யார் என்பதே மறந்துவிடும்.

அறுப்புக்கு ஆள் கிடைக்காத தவிப்பு என்னவென்று டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். குறுவை முற்றி நிற்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இயேசு பேசிய அவசரம் அந்த மாதிரி அவசரம்.

இந்த மூன்றையும் ஒருசேர வைத்துக்கொள்ளும் தமிழ்ச்சொல் உண்டா என்றால், உண்டு: அருட்பணி. அருள் + பணி. ளகரம் பகரத்துக்கு முன் டகரமாகத் திரிந்து அருட்பணி ஆகிறது.

முதலில் அருள். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அருளை அன்பிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். அன்பு தொடர்புடையவர்மேல் செல்வது. அருள் தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லும் கருணை. 'அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு' என்கிறது குறள். அன்பு பெற்ற பிள்ளை அருள். அதை வளர்க்கப் பொருள் என்ற செவிலித்தாய் வேண்டும். இரக்கம் மட்டும் போதாது, நெல்லும் பணமும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வள்ளுவர் கணக்காகச் சொல்லிவிட்டார்.

பிறகு பணி. மூன்றுசுழி ணகரம் போட்ட இந்தச் சின்னச் சொல்லில் மூன்று பொருள் இருக்கிறது. பணிந்தான் என்றால் வணங்கினான். பணித்தான் என்றால் கட்டளையிட்டு ஏவினான். பணி செய்தான் என்றால் வேலை செய்தான். ஆக, ஜெபம், அனுப்பப்படுதல், சேவை என்ற மூன்றும் இந்த ஒரு வேரில் இருக்கின்றன. இலத்தீன் சொல்லில் இருப்பது அனுப்புதல் மட்டும். அருட்பணியில் அனுப்புதலும் இருக்கிறது. யாருக்கு முன் பணிந்து, எந்தக் கருணையால் போகிறோம் என்பதும் இருக்கிறது. மூலத்தைவிட நிறைவான சொல் தமிழில் அமைந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இந்தச் சொல்லுக்கு வாழ்ந்து காட்டிய பொருள் தஞ்சாவூரில் இருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்து, 1778-இல் தஞ்சையில் தங்கி, 1798-இல் அங்கேயே இறந்தவர். 1780-களின் தொடக்கத்தில் ஐதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் விழுந்தது. கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, அதைக் கொண்டுவர வண்டிமாடு தர யாரும் முன்வரவில்லை. முன்பு கொடுத்தவர்களுக்குக் காசு வந்து சேராததுதான் காரணம். அரசர் துளசா, எங்கள் யார் பேச்சையும் ஜனங்கள் இனி நம்ப மாட்டார்கள், சுவார்ட்ஸ் பேச்சை நம்புகிறார்களா பார்ப்போம் என்று சொன்னாராம். ஐயர் தாமே பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஒன்றிரண்டு நாளில் 1,000-க்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. கலம் என்பது 12 மரக்கால். நம் பாட்டன்மார் கணக்கு. ஒவ்வொருவருக்கும் பேசியபடி காசு கொடுக்கப்பட்டது. மாடு கொடுத்தவர்களில் எத்தனை பேர் வேதக்காரர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறத்துக்குள் போய் அந்த நெல்லைக் கொண்டுவந்தவர்கள் உள்ளூர் உபதேசியார்களும் சாதாரண விசுவாசிகளும். அருட்பணி என்ற சொல்லைப் பற்றி எனக்குள்ள ஒரே மனக்குறை இங்கேதான் வருகிறது. இன்று கத்தோலிக்க இதழ்களில் குருவானவரின் பெயருக்கு முன்னால் அருள்பணி என்று போடுகிறார்கள். அருள்பணியாளர் என்றால் குரு என்றே பொருளாகிவிட்டது. பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரிய சொல்லாக அது சுருங்கினால், மற்றவர்களின் வேலைக்குப் பெயரில்லாமல் போய்விடும். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை குரு அல்ல. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, தம் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். அது அருட்பணி. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும்போது, மாதாவைப் பார்க்க நடந்து வருபவர்களுக்கு வழியில் மோரும் சோறும் கொடுத்து, வீங்கின காலுக்கு மருந்து போட்டுவிட்டு, அவர்களுக்காக ஒரு ஜெபமும் சொல்லி அனுப்புகிற பெண்கள் செய்வதும் அருட்பணிதான்.

எழுதும்போது என் பரிந்துரை இது. மிஷன் என்பது செயலைக் குறித்தால் அருட்பணி என்றும், செய்பவரைக் குறித்தால் அருட்பணியாளர் என்றும் எழுதலாம், குருவானாலும் இல்லாவிட்டாலும். அனுப்பும் சங்கத்தைக் குறித்தால் அருட்பணிச் சங்கம். நற்செய்தி அறிவிப்பதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் நற்செய்திப் பணி போதும். வீட்டுப் பேச்சில் ஊழியம் இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். அருள்பணி, அருட்பணி இரண்டும் வழக்கில் உள்ளன. சேர்த்து எழுதும்போது டகரம் போட்டு எழுதுவது இலக்கணத்துக்குப் பொருந்தும். மிஷன் பள்ளிக்கூடம் என்று ஊர்ப்பெயர்போல நிலைத்துவிட்ட இடங்களில் மிஷன் என்றே விட்டுவிடலாம்; அது அந்தக் கட்டடத்தின் பெயர்.