சீக்வெஸ்ட்ரேஷன்: பாறையிடம் கொடுத்து வைப்பது

பந்தயம் கட்டும் இருவர் பணத்தை அவரவர் பையிலேயே வைத்துக்கொண்டால் கடைசியில் சண்டைதான் மிஞ்சும். அதனால் இருவருக்கும் பொதுவான ஓர் ஆளிடம் பணத்தைக் கொடுத்து வைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் அவரிடம் வாங்கிக்கொள்வார். அந்தப் பொது ஆளுக்கு லத்தீன் மொழியில் ஒரு பெயர் உண்டு: செக்வெஸ்தர். வழக்கில் இருக்கும் பொருளைத் தீர்ப்பு வரும்வரை தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று ரோமானியச் சட்டத்தில் பொருள். எரிசக்தி மாற்றம் பற்றிய பேச்சில் இன்று ஓயாமல் காதில் விழும் 'கார்பன் சீக்வெஸ்ட்ரேஷன்', அதாவது கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் புதைத்து வைப்பது, இந்த ஆளின் பெயரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் இதை என்னென்னவோ எழுதுகிறோம். இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுவது 'கார்பன் வரிசைப்படுத்தல்'. மொழிபெயர்ப்பு இயந்திரம் இதை 'சீக்வென்ஸ்' என்று நினைத்துக்கொண்டு செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். கரியமில வாயுவை ரேஷன் கடை க்யூவில் நிற்க வைத்தது போல இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'பின்தொடர்' என்று பொருள்படும் லத்தீன் வினையோடு செக்வெஸ்தருக்கு உறவு இருக்கலாம் என்று சொற்பிறப்பியலார் சிலர் கருதுகிறார்கள். சீக்வென்ஸ் அந்த வினையிலிருந்து வந்ததில் சந்தேகமே இல்லை. ஆக, இயந்திரம் நுழைந்தது தப்பான வீடு, ஆனால் தெரு சரியாகவே இருக்கலாம்.

மற்ற சொற்களில் 'பிரித்தெடுத்தல்' புகைபோக்கியில் வாயுவைப் பிரிக்கும் முதல் கட்டத்துக்கே பொருந்தும், புதைக்கும் கட்டத்துக்கு அல்ல. 'தனிமைப்படுத்தல்' என்றால் கொரோனா காலம்தான் நினைவுக்கு வருகிறது. 'சேமிப்பு' பரவாயில்லை என்று தோன்றும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டுவாக்கில் பிரெஞ்சு வழியாக நுழைந்தது. நெடுங்காலம் நீதிமன்றத்தை விட்டு அது வெளியே வரவில்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் ஒருவர் திவாலானால் அவர் சொத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு இதுதான் பெயர். அமெரிக்காவில் பரபரப்பான வழக்கு நடக்கும்போது நடுவர் குழுவினரை யாரோடும் பேசவிடாமல் ஓட்டலில் தங்க வைப்பதற்கும் இதே சொல். பிறகு வேதியியலார் எடுத்துக்கொண்டார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் கெடுப்பவை கால்சியம், மெக்னீசியம் அயனிகள். அவற்றைப் பிடித்து வேலை செய்யவிடாமல் கட்டிப்போட, சலவைத்தூளில் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அந்தக் கட்டிப்போடுதலும் சீக்வெஸ்ட்ரேஷன்தான். இந்த இடத்தில் பொருள் சற்று நழுவிவிட்டது. 'பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடு' என்ற பாதி உதிர்ந்து, 'வெளியே விடாதே' என்ற பாதி மட்டும் நின்றது.

கார்பனுக்கு இந்தச் சொல் தாமதமாகத்தான் ஒட்டியது. 1977இல் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி, மின்நிலையங்களின் கரியமில வாயுவைப் பிடித்து, ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கில் இறங்கும் கனமான மத்தியதரைக் கடல் நீரோட்டத்தில் கலந்து ஆழத்துக்கு அனுப்பலாம் என்று எழுதினார். அந்தக் காலத்திலும் 1990களின் தொடக்கத்திலும் ஆய்வறிக்கைகளில் பரவலாக இருந்த சொல் 'டிஸ்போசல்', அதாவது கழிவை அப்புறப்படுத்துவது. குப்பை கொட்டும் வாடை அடிக்கிற சொல். அதன் இடத்துக்குச் சீக்வெஸ்ட்ரேஷன் மெல்ல வந்தது. 2003இல் அமெரிக்க எரிசக்தித் துறை, பல்கலைக்கழகங்களையும் மாநில நிலவியல் துறைகளையும் நிறுவனங்களையும் சேர்த்து ஏழு வட்டாரக் கூட்டமைப்புகளைத் தொடங்கியபோது அவற்றின் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. 2005இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு வெளியிட்ட சிறப்பு அறிக்கையோ 'பிடிப்பும் சேமிப்பும்' என்று எளிய வழியைப் பிடித்தது. குப்பை பொறுப்பாகி, பொறுப்பு சேமிப்பாகிவிட்டது. பெயர் மாற மாற வேலையின் முகமும் அழகாகிக்கொண்டே போவதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நிலத்துக்கடியில் என்னதான் நடக்கிறது? அதைப் பார்க்காமல் தமிழ்ச் சொல்லை முடிவு செய்ய முடியாது.

ஒரு டன் கரியமில வாயு தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து அதை வாயுவும் அல்லாத திரவமும் அல்லாத ஒரு நிலைக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அதே ஒரு டன், சில கன மீட்டருக்குள் அடங்கிவிடும். உப்புநீர் ஊறிய மணற்கல்லின் நுண்துளைகளில் அதை ஏற்றுகிறார்கள். நீரைவிட இலேசானது என்பதால் அது மேலேறப் பார்க்கும். மேலே களிப்பாறை மூடி போல நின்று தடுக்கும். கொஞ்சம் துளைகளில் சிக்கி நகராமல் நிற்கும், கொஞ்சம் உப்புநீரில் கரையும், இன்னும் கொஞ்சம் காலப்போக்கில் பாறையோடு வினைபுரிந்து தானும் கனிமமாகும்.

இதைப் பெரிய அளவில் முதலில் செய்த இடம் வடகடலில் இருக்கும் ஸ்லைப்னர் எரிவாயு வயல். அங்கே கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. விற்க வேண்டுமென்றால் அதை 2.5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டிருப்பார்கள், ஆனால் 1991இல் நார்வே கடல்சார் எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்குக் கார்பன் வரி போட்டுவிட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் போட்ட அரசு நிறுவனம் ஸ்டாட்ஆயில் (இன்று எக்வினார்), 1996 முதல் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் டன்னை உட்சிரா என்ற மணற்கல் அடுக்கில் செலுத்தத் தொடங்கியது. சுற்றுச்சூழல் அக்கறையைவிட வரியே அதிகம் வேலை செய்தது என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

செலுத்தியது அங்கேயே இருக்கிறதா என்பதை யார் பார்த்துச் சொல்வது? இங்கேதான் புவியறிவியலாளர்கள் வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு, பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வு நிறுவனங்கள் எரிசக்தி நிறுவனங்களோடு சேர்ந்து ஸ்லைப்னரை ஆராயத் தொடங்கின. செலுத்தும் முன்பே, 1994இல், நில அதிர்வலைகளைக் கொண்டு எடுத்த நிலத்தடிப் படம் ஒன்று இருந்தது. 1999இல் மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். வாயு ஒரே குமிழாக இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகளில் பரவியிருந்தது. மணற்கல்லுக்குள் இருந்த மெல்லிய களிப்பாறைத் தகடுகள் அதைத் தடுத்துத் தடுத்து விட்டிருக்கின்றன. அவை இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நிறுவனத்திடம் கிணறும் தரவும் இருந்தன, ஆய்வகங்களிடம் படிக்கத் தெரிந்த கண்கள் இருந்தன. ஒன்றில்லாமல் மற்றொன்று குருடு.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. அல்ஜீரியப் பாலைவனத்தின் இன் சாலாவில் பி.பி., சோனாட்ராக், ஸ்டாட்ஆயில் என்ற எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் 2004 முதல் சுமார் 38 லட்சம் டன்னைச் செலுத்தின. செயற்கைக்கோள் ரேடார் படங்களில், செலுத்தும் கிணறுகளுக்கு மேலே தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வது தெரிந்தது. மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது, கீழே அழுத்தம் ஏறுகிறது, மூடுபாறையில் விரிசல் விழக்கூடும் என்பதற்கான சைகை. 2011இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். கசிந்து மேலே வந்துவிடவில்லை என்றாலும், பொறுப்பேற்ற பாறை 'போதும்' என்று சொன்ன கணக்குத்தான்.

மூன்றாவது கதை ஐஸ்லாந்தினுடையது, எனக்குப் பிடித்தது. ரேக்யவிக் எரிசக்தி நிறுவனம், ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம், பிரான்ஸின் தேசிய ஆய்வு மையம், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த கார்ப்ஃபிக்ஸ் திட்டம், ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தருகே 2012இல் சில நூறு டன் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் விட்டது. சோடா போலப் புளித்த அந்த நீர், பசால்ட் என்ற அந்த எரிமலைப் பாறையைக் கரைத்தது. பாறையிலிருந்து வெளிவந்த கால்சியம், கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாகப் படிந்தது. சுமார் ஒன்றரை ஆண்டில் கண்காணிப்புக் கிணற்றின் பம்பு பழுதாகி நின்றது. மேலே எடுத்துப் பார்த்தால் அதன்மேல் வெள்ளையாகக் கால்சைட் படிந்திருந்தது. பம்புக்கு அது சாவு, ஆய்வாளர்களுக்குக் கையில் கிடைத்த சாட்சி. செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் அறிவித்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், வாயு சுண்ணாம்புக்கல் ஆனது.

இப்போது தமிழுக்கு வரலாம். மூன்று இடத்திலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: திரும்ப எடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. அதனால்தான் 'சேமிப்பு' எனக்கு நெருடுகிறது. நாம் சேமிப்பது நாளைக்கு எடுத்துச் செலவழிக்க. கோடையில் நிலத்தடியில் நிரப்பிக் குளிர்காலத்தில் எடுக்கும் எரிவாயுவுக்கும், நாளை நிலத்தடி உப்புக் குகைகளில் வைக்கப்போகிற ஹைட்ரஜனுக்கும் சேமிப்பு சரியான சொல். அவற்றுக்கே அதை விட்டுவிடலாம்.

லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கமான தமிழ்ச் சொல் 'அடைக்கலம்'. புகலிடம் என்ற பொருளில்தான் இன்று வழங்குகிறோம். ஆனால் நம்பி ஒப்படைத்த பொருள் என்பதும் அதன் பழைய பொருள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கும்போது இரண்டு பொருளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. அழகான சொல், ஆனால் பொறியாளர்கள் பயன்படுத்த மாட்டார்கள். காப்பாற்ற வேண்டியது நம்மைத்தான், வாயுவை அல்ல என்ற எதிர்வாதமும் நியாயமானது.

'இருத்துதல்' பற்றியும் யோசித்தேன். மனத்தில் இருத்து என்கிறோமே, நகராமல் அமரவைப்பது. ஆனால் நிலத்தோடு சேர்த்தால் 'நிலத்திருத்தல்' ஆகி, வருவாய்த் துறைப் பட்டாத் திருத்தம் மாதிரி ஒலிக்கிறது. கைவிட்டேன்.

மிஞ்சி நிற்பது 'வைப்பு'. வள்ளுவர், பசித்தவர் பசியைத் தீர்ப்பதுதான் செல்வம் பெற்றவன் 'பொருள்வைப்புழி', அதாவது பொருளை வைக்கும் இடம் என்றார். வங்கியில் வைப்புத்தொகை, நிலவியலில் கனிமவைப்பு என்று இரு பக்கமும் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. 'கொடுத்துவைத்தவன்' என்ற வழக்கிலும் முன்னால் எங்கேயோ ஒப்படைத்துவிட்ட தொனி இருக்கிறது. திரும்ப எடுக்கலாமே என்ற ஆட்சேபம் இதற்கும் உண்டுதான். ஆனால் கனிமவைப்பு என்னும்போது கோடி ஆண்டுகள் அங்கேயே கிடப்பது என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. அது நமக்குச் சாதகம்.

இன்னொரு வசதியும் உண்டு. மரமும் மண்ணும் கார்பனை இழுத்துக்கொள்வதையும் ஆங்கிலம் சீக்வெஸ்ட்ரேஷன் என்றே சொல்கிறது. காட்டுத்தீ வந்தால் ஒரே வாரத்தில் வெளியேறிவிடும் கார்பனும், கல்லாகிப்போன கார்பனும் ஒரே பெயரில் கணக்கில் ஏறுகின்றன. நமக்கு இந்தக் குழப்பம் வேண்டாம். முன்னதைக் 'கரிம ஈர்ப்பு' என்றும் பின்னதைக் 'கரிமவைப்பு' என்றும் பிரிக்கலாம். புகைபோக்கியில் நடப்பது 'கரிமப் பிடிப்பு'.

அரியலூர் வழியாகப் போகிறவர்கள் சிமெண்ட் ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அதில் படிந்த சுண்ணாம்புக்கல், கடல் செய்த கரிமவைப்பு. அதைச் சூளையில் சுட்டால் கார்பன் திரும்பக் காற்றுக்குப் போகிறது. சிமெண்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் அந்தப் பங்கு குறையாது. கரிமவைப்புக்கு உண்மையான தேவை இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன், அனல்மின் நிலையம் அல்ல. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் பிடிப்பு தொடங்கியிருக்கிறது. பிடித்த வாயு கப்பலில் ஏறி, எய்கார்டன் கரைக்குப் போய், அங்கிருந்து குழாயில் கடலுக்குள் சென்று, கடல்தளத்துக்குக் கீழே சுமார் 2600 மீட்டர் ஆழத்தில் இறங்குகிறது. பழைய வைப்பைப் பாதியில் உடைத்து வேறு கிளையில் போடுவது போல. அதற்கு ஆகும் செலவைத்தான் இப்போது யார் தலையில் கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கார்பனை இலங்கைப் பாடநூல்கள் காபன் என்று எழுதும், அங்கே 'காபன் வைப்பு' என்றே சொல்லிக்கொள்ளலாம். கரியமில வாயு என்று எழுதத் தயங்கவும் வேண்டாம். கரி, அமிலம், வாயு மூன்றையும் சேர்த்து அந்தக் காலத்தில் யாரோ செய்த சொல், ஐஸ்லாந்தின் புளித்த நீரையும் சேர்த்தே விளக்கிவிடுகிறது.