கடல்நாய்க்கு எமனாகும் வீட்டுநாய்

கால்நடை மருத்துவராக எனக்கு அறவே பிடிக்காத நோய் டிஸ்டம்பர். நாய்க்குட்டியின் மூக்கிலும் கண்ணிலும் சளி வடியும், பாதம் தடித்துக் காய்த்துப்போகும். வலிப்பும் வந்துவிட்டால், தூக்கிக்கொண்டு வந்தவரிடம் ஆறுதலாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. இந்த நோயைத் தரும் வைரஸ் நாயோடு நிற்பதும் இல்லை. 1987-88இல் சைபீரியாவின் பைக்கால் ஏரியிலும், 2000இல் காஸ்பியன் கடலிலும் ஆயிரக்கணக்கான சீல்களை, அதாவது கடல்நாய்களை, கொன்றது இதுதான்.

அதனால்தான் கலாபகோஸ் உரோமச் சீலை நினைத்தால் எனக்கு வயிற்றில் புளி கரைகிறது.

தென் அமெரிக்காவின் எக்வடோர் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளி, கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், பெரும்பாலும் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளின் எரிமலைப் பாறைகளில் வாழ்கிறது இது. காது மடலுள்ள சீல்களிலேயே மிகச் சிறியது. வளர்ந்த பெட்டை ஏறக்குறைய 30 கிலோ, ஒரு லாப்ரடார் அளவுதான். 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காக வேட்டையாடி ஏறத்தாழ அழித்தே விட்டார்கள். பாதுகாப்பு வந்தபின் மீண்டது. ஆனாலும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள இனம்.

சிக்கல் அதன் வயிற்றில் இருக்கிறது. ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வந்தால்தான் அந்தக் கடலில் மீன் செழிக்கும். இரவில் மேலே ஏறிவரும் கணவாயையும் சிறு மீன்களையும் நம்பித்தான் தாய் இரை தேடப் போகிறது. முழுநிலவு நாட்களில் அவை மேலே வருவது குறைவு, இதுவும் பெரும்பாலும் கரையிலேயே கிடக்கும். எல் நினோ வந்து மேல்நீர் சூடானால் இரையே அற்றுப்போகிறது. தாய் நாட்கணக்கில் திரும்பாது, பால் வற்றிவிடும். 1982-83இல் அந்த ஆண்டுக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே செத்தன, வளர்ந்தவையும் ஏராளமாக மடிந்தன.

இந்த இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்டவும் முடியாது. ஒரு குட்டி இரண்டு, மூன்று வருடம் பால் குடிக்கும். மூத்தது மடியை விடுவதற்குள் அடுத்தது பிறந்தால், பெரும்பாலும் இளையது பட்டினியில் சாகும், அல்லது மூத்ததே அதைக் கடித்துக் குதறும்.

இப்படி விளிம்பில் நிற்கும் இனத்தின் பக்கத்தில் நாய்கள் இருக்கின்றன. முன்பு இசபெலாவின் தென்பகுதியில் காட்டில் திரிந்த நாய்கள் சீல்களைக் கடித்தே கொன்றன. அவை ஒழிக்கப்பட்டன, ஆனால் ஊர் நாய்கள் இருக்கின்றன. 2001இல் அத்தீவுகளில் டிஸ்டம்பர் பரவி நூற்றுக்கணக்கான நாய்கள் நோயுற்றன. சீலின் நெருங்கிய உறவான, அங்குள்ள கடற்சிங்கங்களின் இரத்தத்திலும் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டிருக்கிறது. அண்டார்டிகாவில் இதே பயத்தால்தான் 1994க்குள் பனிச்சறுக்கு வண்டி நாய்கள் அத்தனையையும் வெளியேற்றினார்கள். மக்கள் குடியிருக்கும் தீவில் அது நடக்கிற காரியமில்லை.

சீலுக்கே தடுப்பூசி போடக்கூடாதா? ஹவாயில் துறவிச் சீல்களுக்கு 2016 முதல் போடுகிறார்கள். நாய்க்குப் போடும் சாதாரண உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ் கொண்டது) சில காட்டு விலங்குகளுக்கு நோயையே வரவழைத்திருப்பதால், வேறு வகை ஊசி. அங்கே மொத்தமே சுமார் 1,600 சீல்கள்தான். கலாபகோஸில் ஆயிரக்கணக்கில், அதுவும் பாறை இடுக்குகளில். சில வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு அதே சீலைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். கையில் அட்டை எழுதிக் கொடுத்தும் என் மருத்துவமனைக்கு இரண்டாவது ஊசிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர்தான்.