காய்ந்த திராட்சையில் பிறக்கும் அமரோனே

ஒயினுக்குத் திராட்சை பறித்தால் சீக்கிரமே நசுக்கிவிடுவதுதான் பொது வழக்கம். வடக்கு இத்தாலியில், வெரோனா நகரை ஒட்டிய வல்பொலிசெல்லா குன்றுகளில் அமரோனே செய்பவர்கள், பறித்த கொத்துகளை மூன்று நான்கு மாதம் காயவிடுகிறார்கள். இந்த ஒயினின் நல்லது கெட்டது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

முதன்மை ரகம் கொர்வீனா. துணைக்குக் கொர்வினோனே, ரொந்தினெல்லா. கொர்வீனாவின் தோல் தடிமனானது, மாதக்கணக்கில் வெடிக்காமல் தாங்கும். ஆனாலும் பழங்கள் நெருக்கியடித்த கொத்து ஆகாது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். விரலால் விலக்கினால் காற்றுப் புகாத நடுப்பகுதியில் சாம்பல் பூஞ்சை படர்ந்திருக்கும். அதனால் இடைவெளியுள்ள கொத்துகளையே பொறுக்கி, ஆழமில்லாத பெட்டிகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான கூடத்தில் வைக்கிறார்கள். முன்பு நாணல் தட்டிகளில் பரப்பினார்கள். வெயில் படக்கூடாது. மழைக்காலத்து ஈரக்காற்று இரண்டு நாள் தேங்கினாலே பூஞ்சை கிளம்பிவிடும் என்பதால் இப்போது பெரிய விசிறிகளும் ஓடுகின்றன.

ஒரு கணக்கு. 100 கிலோ பழத்தில் 20 கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 35 கிலோ நீர் வற்றினால் மிச்சம் 65 கிலோ. சர்க்கரை ஏறத்தாழ 30 சதவீதம். பறித்த பழமும் சுவாசிப்பதால் அதில் சிறிது செலவாகிவிடும்.

பொதுவாக டிசம்பர் 1க்கு முன் இதை நசுக்க விதி இடம் தராது. அதன் பிறகுதான் ஈஸ்டுக்குச் சோதனை. சாறு குளிர்ந்திருக்கும், அடர்ந்த சர்க்கரை ஈஸ்ட் செல்லின் நீரை வெளியே இழுக்கும். தற்காத்துக்கொள்ள அது கிளிசரால் சுரக்கிறது, கூடவே அசிட்டிக் அமிலமும் வருகிறது. கிளிசரால் கூடினால் ஒயின் வாயில் வழவழப்பாக இருக்கும். அசிட்டிக் அமிலம் கூடினால் வினிகர் வாடைதான். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறும். ஆகவே 270 கிராம் முழுதும் நொதித்தால் 16 சதவீதத்தை நெருங்கும். அந்த அளவு ஈஸ்டுக்கே நஞ்சு. தொட்டியை மெல்லச் சூடேற்றி, ஒரு மாதத்துக்கு மேலும் பொறுமையாக ஓடவிட வேண்டும். அவசரப்பட்டால் நொதித்தல் பாதியில் நின்று இனிப்புத் தங்கிவிடும். வேண்டுமென்றே அப்படி இனிப்பு தங்கச் செய்வது ரெச்சோத்தோ, இந்த ஊரின் பழைய ஒயின். 'அமாரோ' என்றால் கசப்பு. ரெச்சோத்தோவின் இனிப்புக்கு எதிர்ப்பதமாக வந்ததுதான் அமரோனே என்ற பெயர்.

குறைந்தது 14 சதவீத ஆல்கஹாலும் 2 ஆண்டு முதிர்ச்சியும் கட்டாயம். ரிசர்வா வகைக்கு 4 ஆண்டு. இத்தாலியின் உச்சத் தோற்றப் பாதுகாப்பான டிஓசிஜி தகுதி 2010இல் கிடைத்தது.

பிழிந்தெடுத்த சக்கையையும் வீசுவதில்லை. அதில் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் மிஞ்சியிருக்கும். சாதாரண வல்பொலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றினால் மறுபடி நொதித்து, நிறமும் கனமும் கூடி ரிப்பாஸ்ஸோ ஆகிறது.