முகவாய் அறுவைக்கு அரசுக் காப்பீடு: திருநங்கையருக்கு எதுவரை கிடைக்கும்?

திருநங்கையருக்கு அரசு தரும் அறுவை சிகிச்சை என்றதும் பாலின மாற்று அறுவைதான் நினைவுக்கு வரும். ஆனால் தெருவில் எதிரே வருகிறவர் முதலில் பார்ப்பது முகத்தை. அகன்று சதுரமாக இருக்கும் முகவாயைக் குறுக்கி வடிவமைக்கும் அறுவைக்குச் சட்டத்தில் இடம் உண்டா? பெயர் சொல்லி இல்லை. ஆனாலும் கேட்டுப் பெற முயல்வதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

மாற்றுப் பாலினத்தவர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 2019, 2020 ஜனவரி 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆவது பிரிவு, பாலின மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை ஆகியவற்றோடு ‘வேறு எந்த உடல்நலப் பிரச்சினை’க்கும் ஆகும் செலவைக் காப்பீட்டின் மூலம் ஏற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. முக அறுவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான்.

இதற்கான திட்டம் ‘ஸ்மைல்’. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2022 பிப்ரவரி 12-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-இல் தேசிய சுகாதார ஆணையத்துடன் ஒப்பந்தம் போட்டு, ஆயுஷ்மான் பாரத்தோடு அதாவது மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு, இணைத்தார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. மாற்றுப் பாலினத்தவருக்கான தேசிய இணையதளம் வழியே பெற்ற அடையாளச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்; இதே பலனை வேறு மத்திய, மாநிலத் திட்டத்தில் பெறுகிறவராக இருக்கக் கூடாது. குடும்பத்தைப் பார்க்காமல் தனி ஆளுக்கே தருகிறார்கள் என்பது பெரிய விஷயம். வீட்டை விட்டு வெளியேறிய எத்தனையோ பேரிடம் பெயர் சேர்க்கக் குடும்ப அட்டையே இருக்காது.

சரி, சிக்கல் எங்கே? ஆயுஷ்மான் பாரத் அழகுக்கான சிகிச்சைகளை ஏற்பதில்லை. முகவாய் அறுவையை ‘அழகு’ என்று ஒருவர் எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். இதற்கு மறுமொழி மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாற்றுப் பாலினத்தவரின் உடல்நலத்துக்கான ‘டபிள்யூபாத்’ என்ற உலக மருத்துவ அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் எட்டாம் பதிப்பு, பாலின உறுதிப்பாட்டுக்கான அறுவைகளின் பட்டியலில் முகவாய் வடிவமைப்பையும் சேர்த்திருக்கிறது. எலும்பை வெட்டிச் செய்வது, உள்பதியம் (உள்ளே பொருத்தும் செயற்கைத் துண்டு) வைத்துச் செய்வது என இரண்டு முறைகளையும் குறிப்பிடுகிறது. பாலின மாற்று அறுவைக்கான கையேட்டை இதே அமைப்பின் வழிகாட்டுதல்படிதான் அரசு தயாரிக்க வேண்டும் என்று நம் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. இதை வைத்து முகவாய் அறுவை தானாகவே உரிமையாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘இது வெறும் அழகு’ என்பவரிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

ஆகவே கவனமெல்லாம் மருத்துவரின் குறிப்பில் இருக்கட்டும். பாலின ஒவ்வாமைக்கான (உடலின் பாலினமும் மனம் உணரும் பாலினமும் பொருந்தாததால் வரும் வேதனைக்கான) சிகிச்சையின் பகுதியாக இதைப் பரிந்துரைக்கிறோம் என்று மனநல மருத்துவரும், முகத்தாடை அல்லது பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் எழுத்தில் தர வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பொதுவாகக் கீழுதட்டின் உட்புறம் கீறி, எலும்பின் அகலத்தையோ உயரத்தையோ குறைத்து, டைட்டானியம் தகடு வைத்துப் பொருத்துவார்கள். வெளியே தழும்பு தெரியாது. ஆனால் அங்கே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் கீழுதடு மரத்துப்போகும். சிலருக்கு அது நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். காப்பீடு கிடைக்கிறதே என்ற அவசரத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மருத்துவமனையில் சேரும் முன்பே அங்கே இந்தத் திட்டத்துக்காக இருக்கும் உதவியாளரான ஆரோக்ய மித்ராவிடம் போய், இந்த அறுவையைத் திட்டத்தின் எந்தச் சிகிச்சைத் தொகுப்பின் பெயரில் பதிகிறார்கள் என்று கேளுங்கள். முன் அனுமதி வந்த பிறகே தேதி குறியுங்கள். வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கலாம்’ என்பதை நம்பிப் படுத்தால் பில் உங்கள் தலையில் விழும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; 14555 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

தனியார் பாலிசியில் நம்பிக்கை வைக்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொதுவான விலக்குகளில் பாலின மாற்று சிகிச்சைக்கு ஒரு விலக்கும், அழகு அறுவைக்குத் தனியாக இன்னொரு விலக்கும் இருக்கின்றன. முதலாவதை உங்கள் காப்பீட்டு நிறுவனம் நீக்கியிருந்தாலும், இரண்டாவதைக் காட்டி மறுக்கலாம். வேலை செய்யும் இடத்தின் குழுக் காப்பீடு என்றால் இரண்டு பிரிவுகளையும் படித்துப் பார்த்துவிட்டு மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.