கார்னெலின் கூட்டல் கணக்கு

அணையோ அணுமின் நிலையமோ கட்டப் போகும் பொறியாளருக்கு நிலநடுக்கம் எந்தத் தேதியில் வரும் என்ற விவரம் தேவையில்லை. அதை யாராலும் சொல்லவும் முடியாது. அவருக்கு வேண்டியது வேறு: இந்த இடத்தில் தரை எவ்வளவு பலமாக உலுக்கும், அப்படி உலுக்குவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும்? இரண்டாவது பாதியை 1960கள் வரை பெரும்பாலும் யாரும் கேட்கவே இல்லை.

அன்றைய வழக்கம் எளிமையானது. அருகில் உள்ள நிலப்பிளவு எது, அதில் வரக்கூடிய மிகப்பெரிய நிலநடுக்கம் எது என்று புவியியலாளரைக் கேட்பார்கள். அது மிக அருகில் நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டு அதிர்வைக் கணக்கிடுவார்கள். கேட்பதற்குப் பத்திரமான வழிபோலத் தோன்றும். ஆனால் இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை அசையும் பிளவும், இருபதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அசையும் பிளவும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். வரலாற்றில் பதிவே இல்லாத இடம் என்றால் இன்னும் மோசம்: அங்கே ஆபத்தே இல்லை என்று முடிவாகிவிடும். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் இந்திய நில அதிர்வு வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே கில்லாரி கிராமத்தைச் சுற்றி 6.2 அளவில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 2002இல் வந்த புதிய வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. அதே திருத்தத்தில்தான் சென்னையும் இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

கணக்கை மாற்றிப் போட்டவர் புவியியலாளர் அல்லர். ஆலின் கார்னெல் (1938–2007) ஒரு கட்டடப் பொறியாளர். ஸ்டான்ஃபோர்டில் 1964இல் முனைவர் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர். அவருடைய உண்மையான ஆர்வம் நிகழ்தகவில். 1960களின் நடுவில் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த லூயிஸ் எஸ்தேவாவுடன் பழக்கம் ஏற்பட்டது. 1968இல் அமெரிக்க நில அதிர்வியல் சங்கத்தின் இதழில் கார்னெலின் கட்டுரை வந்தது. உலகின் நிலநடுக்க அபாய வரைபடங்கள் பெரும்பாலானவை இன்று அதன் வழிவந்தவை. (2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற எரிக் கார்னெல் இவருடைய மகன். இயற்பியலாளர்களிடம் கார்னெல் என்றால் மகன்தான் நினைவுக்கு வருவார், பொறியாளர்களிடம் அப்பா.)

அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், மிகப்பெரிய நிலநடுக்கத்தைத் தேடுவதை விட்டுவிட்டு எல்லா நிலநடுக்கங்களையும் கூட்டினார். ஒரு கற்பனைப் பிளவை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். நம் கட்டடத்திலிருந்து 20 கிலோமீட்டரில் அது இருக்கிறது. குட்டன்பர்க்கும் ரிக்டரும் 1944இல் காட்டிய விதிப்படி, அளவில் ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். ஆகவே ஆயிரம் ஆண்டுகளில் 7 அளவில் இரண்டு, 6 அளவில் இருபது, 5 அளவில் இருநூறு நிலநடுக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கேள்வி: கட்டடத்தின் காலடியில் அதிர்வு, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது எத்தனை முறை?

7 அளவு வந்தால் இந்தத் தொலைவில் அந்த எல்லையைத் தாண்டப் பாதி வாய்ப்பு என்போம். இரண்டில் ஒன்று தாண்டும். 6 அளவில் ஐந்தில் ஒன்று தாண்டினால், இருபதில் நான்கு. 5 அளவில் நூற்றில் ஒன்றுதான் தாண்டும், ஆனாலும் இருநூறு வருவதால் இரண்டு. மொத்தம் ஏழு. ஆயிரம் ஆண்டில் ஏழு முறை என்றால் சராசரியாக 143 ஆண்டுக்கு ஒருமுறை. இந்த ஏழில் பெரிய நிலநடுக்கத்தின் பங்கு ஒன்றே ஒன்று! பண்டிகைச் செலவைவிட அன்றாடக் காய்கறிச் செலவு ஆண்டு முடிவில் பெரிதாக நிற்பது போல, நடுத்தர நிலநடுக்கம்தான் இங்கே கணக்கை ஆள்கிறது. எல்லையை உயர்த்தி, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைத் தாண்டுவது எத்தனை முறை என்று கேட்டால் பெரியதன் பங்கு கூடும். எல்லையை மாற்றி மாற்றி இதே கூட்டலைப் போட்டு வரைந்தால் கிடைப்பதுதான் அபாய வளைகோடு. நிஜத்தில் பல பிளவுகளும் பல தொலைவுகளும் சேரும். அது கணினியின் வேலை.

மேலே ‘பாதி வாய்ப்பு’, ‘ஐந்தில் ஒன்று’ என்று போகிறபோக்கில் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே அளவு, ஒரே தொலைவு என்றாலும் இரண்டு நிலநடுக்கங்கள் ஒரே மாதிரி உலுக்குவதில்லை. பிளவு நம்மை நோக்கிக் கிழிந்து வந்ததா, எதிர்த்திசையில் ஓடியதா, இடையில் என்ன பாறை, காலடியில் என்ன மண் என்பதைப் பொறுத்து அதிர்வு சராசரியைப் போல இரு மடங்காகவும் இருக்கும், பாதியாகவும் இருக்கும். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தலைநகரில் ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களைத் தேடித் தேடிச் சாய்த்தது. பழைய ஏரிப் படுகையின் களிமண் இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் ஆடியதும், அந்த உயரக் கட்டடங்களின் இயல்பான தாளம் அதை ஒட்டி இருந்ததும்தான் காரணம். நகரின் பாறைப்பகுதியில் சேதம் மிகக் குறைவு.

இந்தச் சிதறலை மறந்துவிட்டு சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? நம் எடுத்துக்காட்டில் 5, 6 அளவுகள் எல்லையைத் தொடவே தொடாது, அந்த ஆறும் காணாமல் போகும். 7 அளவின் இரண்டு மட்டும் எல்லையைத் தொடும். விடை 500 ஆண்டுக்கு ஒருமுறை என்று வரும். 143 எங்கே, 500 எங்கே! வேடிக்கை என்னவென்றால் கார்னெலின் 1968 கட்டுரையிலேயே இந்தச் சிதறல் இல்லை. சில ஆண்டுகளுக்குள் அவரும் எஸ்தேவாவும் அதைச் சேர்த்துவிட்டார்கள். அவருடைய மாணவர் ராபின் மெக்வயர் 1976இல் வெளியிட்ட கணினி நிரலிலும் அது இருந்தது. ஆனாலும் சிதறலைத் தொடாத ஆய்வுகள் பிறகும் வந்துகொண்டிருந்தன. அத்தகைய இடங்களில் பின்னாளில் முறையாகக் கணக்கிட்டபோது அபாயம் திடீரென்று உயர்ந்தது. பூமி மாறவில்லை, விடுபட்ட ஓர் உறுப்பு சமன்பாட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான். ஆலைச் சொந்தக்காரர்களை இதை நம்ப வைப்பது எளிதல்ல. சுவிட்சர்லாந்தின் அணுமின் நிலையங்களுக்காக 2004இல் முடிந்த ‘பெகாசோஸ்’ ஆய்வு முந்தைய மதிப்புகளைவிட அதிகமாகச் சொன்னபோது எழுந்த வாதம், இன்னொரு பல ஆண்டு ஆய்வில் போய் முடிந்தது.

செய்திகளில் அடிபடும் ‘475 ஆண்டு நிலநடுக்கம்’ என்ற சொற்றொடர் எனக்குப் பிடிக்காது. அப்படி ஒரு நிலநடுக்கம் கிடையாது. அது ஓர் அதிர்வு மட்டம், பல நிலநடுக்கங்களின் கூட்டுத்தொகையில் பிறந்தது. 475 எங்கிருந்து வந்தது? ஒரு கட்டடத்தின் ஆயுளை ஐம்பது ஆண்டு என்று கொண்டு, அதற்குள் மீறப்படும் வாய்ப்பு 10 சதவீதமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தால் விடை 475. 1976இல் ஆல்ஜெர்மிசனும் பெர்க்கின்ஸும் அமெரிக்காவுக்கு வரைந்த வரைபடத்தில் இந்த 10 சதவீதம் இடம்பெற்றது. பின்னர் உலகெங்கும் விதிநூல்களில் ஒட்டிக்கொண்டது. இயற்கை விதி எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஒருமுறை வந்தால் அடுத்த 475 ஆண்டுகள் நிம்மதி என்பதும் தவறு. 475 ஆண்டுகள் முழுக்கக் காத்திருந்தாலும் அந்த மட்டம் ஒருமுறையாவது மீறப்படும் வாய்ப்பு 63 சதவீதம்தான்.

தரை எவ்வளவு உலுக்கும் என்பது பாதிக் கதை. கட்டடம் என்ன செய்யும்? 1980களில் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பிய கார்னெல் பிற்காலத்தில் அதிகம் உழைத்தது இதில். 1994 ஜனவரி 17இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம் வந்தது. எஃகுச் சட்டகக் கட்டடங்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே நின்றன. தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் உத்திரமும் தூணும் சேரும் வெல்டிங் மூட்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. வளைந்து கொடுக்க வேண்டிய மூட்டு உடைந்திருந்தது. இப்படிப்பட்ட கட்டடத்தை மதிப்பிட, அதன் கணினி மாதிரியை நிஜ நிலநடுக்கப் பதிவு ஒன்றால் உலுக்குவார்கள். பிறகு அதே பதிவைப் பெருக்கிப் பெருக்கி, மாதிரி சரியும் வரை உலுக்குவார்கள். அப்படியே அடுத்த பதிவு, அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் வேறொரு மட்டத்தில் சாய்க்கும், இங்கும் சிதறல்தான். வாம்வாட்சிகோஸ் என்ற மாணவருடன் கார்னெல் 2002இல் இதை ஒழுங்கான முறையாக்கினார். அபாய வளைகோட்டுடன் இதைச் சேர்த்தால், இந்தக் கட்டடம் ஆண்டொன்றுக்கு இடிந்துவிழும் வாய்ப்பு எவ்வளவு என்றே சொல்லிவிடலாம்.

சிதறலைச் சேர்த்தாலும் சிக்கல் வரும். நெவாடாவின் யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டத்துக்குப் பத்துக் கோடி ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிர்வைக் கேட்டார்கள். 1990களின் இறுதியில் போட்ட கணக்கை அதுவரை நீட்டியபோது, புவியீர்ப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் முடுக்கம் என்று விடை வந்தது. உலகில் இதுவரை பதிவானவற்றில் மிகப் பலமான ஒன்று, 2008இல் ஜப்பானின் இவாத்தே பகுதியில் பதிவானது, நான்கு மடங்குதான். சமன்பாட்டில் சிதறலுக்கு மேல்வரம்பு இல்லை, பாறைக்கு உண்டு. அவ்வளவு உலுக்கலைக் கடத்துவதற்கு முன் பாறையே நொறுங்கிவிடும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கான ஆண்டுப் பதிவேடு வேண்டும். கருவிகளுக்கோ நூற்றாண்டு வயதுதான். நில அதிர்வியலாளர் ஜேம்ஸ் புரூன் கலிபோர்னியா, நெவாடா பாலைவனங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தத்தளித்து நிற்கும் பாறைகளைத் தேடிப் போனார். ஒரு பாறையை எவ்வளவு உலுக்கினால் கவிழும் என்று கணக்கிடலாம். அது எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது என்பதை அதன் மேல்பரப்பைக் கொண்டு மதிப்பிடலாம். நிற்கிறது என்றால் அத்தனை காலமும் அந்த உலுக்கல் அங்கே வரவில்லை. சில இடங்களில் வரைபடம் சொன்ன உலுக்கலில் அந்தப் பாறைகள் எப்போதோ விழுந்திருக்க வேண்டும்.

1999இல் ஆண்டர்சன் என்ற இன்னொரு நில அதிர்வியலாளரும் புரூனும் காரணத்தைச் சுட்டினார்கள். சிதறலை அளக்க உலகெங்கும் பல இடங்களில் கிடைத்த பதிவுகளைக் கலக்கிறோம். பிறகு அந்தச் சிதறல் முழுவதும் ஒரே இடத்தில் காலப்போக்கில் நிகழும் என்று கொள்கிறோம். ஆனால் ஓர் இடத்தின் மண்ணும் வழியில் உள்ள பாறையும் நிலநடுக்கத்துக்கு நிலநடுக்கம் மாறுவதில்லை. மெக்சிகோ ஏரிப் படுகை ஒவ்வொரு முறையும் அதே ஏரிப் படுகைதான். ஆகவே ஒரே நிலையத்தில் பல நிலநடுக்கங்களைப் பதிவு செய்து, அந்த இடத்துக்கே உரிய பங்கைச் சிதறலிலிருந்து கழித்து அந்த இடத்தின் சராசரியில் சேர்த்துவிட்டு, மீதத்தை மட்டும் சிதறலாகக் கார்னெலின் கூட்டலுக்குள் அனுப்புகிறார்கள். அப்போது சில இடங்களில் அபாயம் குறைகிறது. களிமண் மேல் நிற்கும் இடங்களில் ஏறுகிறது.