ஸ்நாட்சில் கைக்கு என்ன வேலை?

இந்த வாரமும் ஒரு தோள்பட்டை வலி. ஐ.டி. வேலையில் இருக்கும் பையன், மொபைலில் வீடியோ பார்த்தே ஸ்நாட்ச் பழகியிருக்கிறான். எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் பளுதூக்குதல் அது. பிசியோதெரபிக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "சார், ஷோல்டர்ல பவர் பத்தலை, ஏதாவது எக்சர்சைஸ் குடுங்க." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவன் தூக்கிய வீடியோவை வாங்கிப் பார்த்தேன். பார் முழங்காலைத் தாண்டுவதற்குள் முழங்கை மடங்கிவிட்டது. அதற்கப்புறம் என்ன நடந்தாலும் தோள்தான் அடி வாங்கும்.

ஸ்நாட்ச் என்றால் கையால் இழுத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. பார் தரையை விட்டு எழும்போது கை வெறும் கிணற்றுக் கயிறு. தூக்குவது காலும் இடுப்பும். பார் தொடையை ஒட்டியே ஏறி இடுப்பு மடிப்புக்கு வந்ததும் கால், இடுப்பு இரண்டும் ஒரே வீச்சில் நிமிர வேண்டும். கை மடங்குவது அதற்கப்புறம்தான், அதுவும் பாரை மேலே ஏற்ற இல்லை, நாம் பாருக்கு அடியில் போய் உட்கார. பார் நீங்கள் நினைக்கிற உயரத்துக்கு ஏறுவதே இல்லை, நீங்கள்தான் இறங்குகிறீர்கள்.

கையை நம்பினால் எடை ஏறாது. நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (பாரை முதலில் தோளுக்கு எடுத்து, அப்புறம் தலைக்கு மேல் தூக்குவது) 179 கிலோ தூக்கினார். முதலாவது இரண்டாவதில் 83 சதவீதம். உங்கள் ஸ்நாட்ச் உங்கள் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பெரும்பாலும் குறை பலத்தில் இல்லை, டெக்னிக்கில்.

அடுத்த குற்றவாளி கணுக்கால். குத்தவைத்து உட்காரும் பழக்கத்தையே விட்டுவிட்டோம், அப்புறம் ஆழமாக உட்கார்ந்து பாரைப் பிடி என்றால் குதிகால் தூக்கும், உடம்பு முன்னால் சாயும், அதைச் சரிக்கட்டத் தோள் பின்னால் முறுக்கும். வெறுங்காலோடு, கட்டைவிரல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்க, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லையா, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும் ரன்னிங் ஷூவோடு தூக்குகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

இன்னொன்று. போட்டியில் பாரின் இரு முனையிலும் மாட்டும் எடைத் தட்டின், அதாவது பிளேட்டின், விட்டம் 45 செ.மீ. உங்கள் ஜிம்மில் இருக்கும் சின்ன இரும்பு பிளேட்டைப் போட்டால் பார் அதைவிடத் தாழ்வாகக் கிடக்கும், எடுக்கும்போதே முதுகு வளையும். அடியில் ஏதாவது வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, முதலில் பி.வி.சி. பைப்பை வைத்துப் பழகுங்கள். அப்புறம் வெறும் பார், அதுவே ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. அதில் கை நேராக நிற்கும்வரை பிளேட்டைத் தொடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது விவரம் தெரிந்த கோச் கண்ணில் படுங்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை மரத்துப்போவது இருந்தால் தூக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தவறினால் பாரை விட்டுவிடுங்கள். பின்னால் போனால் கையை விட்டு முன்னால் நகருங்கள், முன்னால் விழுந்தால் தள்ளிவிட்டுப் பின்னால் போங்கள். டைல்ஸ் உடைந்தால் ஓனர் திட்டுவார் என்று பிடித்துக்கொண்டே நின்று முழங்கை மூட்டு விலகி வந்தவர்கள் உண்டு. பாரைக் கீழே போடக்கூடாது என்கிற ஜிம்மில் ஸ்நாட்சே வேண்டாம், ஸ்குவாட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.