சூழல்: ஓவியத்தில் ‘அட்மாஸ்பியர்’ என்பதற்குத் தமிழ்

‘இந்த ஓவியத்தின் வளிமண்டலம் சோகமாக இருக்கிறது’ என்பது போன்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பூமியைப் போர்த்திய காற்றுக்கு வளிமண்டலம் அருமையான சொல். ஓவியத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது.

‘அட்மாஸ்பியர்’ 17-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் லத்தீனில் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் ‘அட்மோஸ்’ என்றால் ஆவி, ‘ஸ்ஃபைரா’ என்றால் உருண்டை. ஓர் இடம் நமக்குள் எழுப்பும் உணர்வு என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

அந்த இரண்டாவது பொருளை பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேயின் தேம்ஸ் ஆற்று ஓவியங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். 1899 முதல் 1901 வரை மூன்று முறை லண்டன் சென்ற அவர், சவாய் ஹோட்டல் அறையிலிருந்து ஆற்றின் பாலங்களையும், எதிர்க்கரையில் இருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலிருந்து நாடாளுமன்றத்தையும் வரைந்தார். நிலக்கரிப் புகை கலந்த குளிர்காலப் பனிமூட்டம்தான் அவரை அங்கே இழுத்தது. அவற்றில் 37 ஓவியங்கள் 1904-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தன.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள நாடாளுமன்ற ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரங்களில் ஒரு கல்கூடத் தனியாகத் தெரியாது. கட்டடம் முழுவதும் ஊதா நிழல். அதே ஊதா தண்ணீரிலும் இறங்கியிருக்கிறது. மூட்டத்துக்குள் சிக்கிய சூரியனின் செம்மஞ்சள், ஆற்றின் மேல் துண்டு துண்டான தீற்றல்களாகச் சிதறிக் கிடக்கிறது. எங்கே கல் முடிந்து காற்று தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

மோனே இதற்குப் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல் ‘ஆன்வெலோப்’. வைக்கோற்போர்களை வரைந்துகொண்டிருந்த 1890-இல் எழுதிய கடிதத்தில், எங்கும் பரவிய ஒரே ஒளியை அப்படிக் குறிப்பிட்டார். பொருள்களைச் சுற்றி மூடும் உறை என்று கொள்ளலாம். தபால் உறைக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான்.

தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘சூழல்’. வேர்ச்சொல் சூழ். சுற்றி நிற்பது, மூடிக்கொள்வது என்ற பொருளை எல்லோரும் அறிவோம். மேகம் சூழ்கிறது, இருள் சூழ்கிறது. ஆனால் சூழ்தலுக்கு எண்ணிப் பார்த்தல் என்றும் பழைய பொருள் உண்டு. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ (குறள் 671) என்னும்போது சூழ்ச்சி என்பது சதியல்ல, ஆராய்ந்து எண்ணுவது. வெளியே கவிவதும் உள்ளே ஓடுவதும் ஒரே வேரில் கிடைத்திருப்பது நமக்கு வாய்த்த பேறு. இதை விட்டுவிட்டு வளிமண்டலத்தைத் தேடிப் போவானேன்?

சூழலோடு சேர்ந்தே வரும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான ‘மூட்’ (mood) என்பதற்கு மனநிலை என்று எழுதுகிறார்கள். அது ஆளுக்குப் பொருந்தும், படத்துக்கு அல்ல. மெய்ப்பாடு என்றாலோ, அது உடலில் வெளிப்படும் உணர்ச்சி. மனித முகமே தெரியாத ஆற்றோவியத்தில் அதற்கு இடமில்லை. ‘உணர்வு’ என்ற எளிய சொல்லே போதும்: ‘பனிமூட்டச் சூழல், அந்தி அமைதியும் லேசான கலக்கமும் கலந்த உணர்வு.’